‘நடவுங்கோ’ எண்டு சொல்லுறது லேசு

"ஓய்வு நேரத்தில் நீங்கள் மூச்சு வாங்கக்கூடிய ஏதாவது விளையாட்டிலோ உடற்பயிற்சியிலோ ஈடுபடுகிறீர்களா?"

இந்தக் கேள்வியை நாங்கள் வாசித்து முடிக்கும்போது அந்த அக்கா திண்ணையில் இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. எங்களை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தா. பிறகு சிரிச்சா.

"ஓய்வு நேரமோ? அதை முதல்ல ஆரிட்டயாவது வாங்கித் தாங்கோ பிள்ளையள். மிச்சக் கேள்விக்குப் பிறகு பதில் சொல்லுறன்."

நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டோம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அன்று பின்னேரம் படிவங்களை அடுக்கும்போதுதான் ஒரு மாதிரி இருந்தது. அந்த அக்கா சொன்ன பதில் படிவத்தில் எங்கேயும் இல்லை. வெறும் ‘இல்லை’ மட்டும்தான் இருந்தது.

விசயம் இதுதான். ஆய்வு முறையியல் பாடத்துக்கு ஒரு குழு ஒப்படை. நாங்கள் நாலு பேர். தலைப்பு: வேலை செய்யும் வயதில் உள்ளவர்களிடம் உடலியக்கத்தை ஊக்குவித்தல். சொந்தமாக வினாக்கொத்து தயாரிக்கப் பஞ்சிப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் வினாக்கொத்து ஒன்றை எடுத்தோம். ‘ஜீபக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மொத்தம் 16 கேள்விகள். வேலையில் உடம்பு எவ்வளவு அசைகிறது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக எவ்வளவு நடக்கிறீர்கள் அல்லது சைக்கிள் ஓடுகிறீர்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று மூன்று பகுதி. கடைசியில், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருந்தபடியே இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. தமிழாக்கி, அச்சடித்து, தெரிந்த வீடுகளுக்கும் தெரியாத வீடுகளுக்கும் போனோம். 28 பேர். அந்த எண்ணிக்கையை வைத்து ஊரைப் பற்றி ஒன்றும் நிறுவ முடியாது என்று எங்களுக்கும் தெரியும். எங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டோம், அதைத்தான் எழுதுகிறோம்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு உண்மையான காரணம் எங்களில் ஒருத்தியின் அம்மா. யாருடைய அம்மா என்று எழுத வேண்டாம் என்று அவவே சொல்லிப்போட்டா. நாலு பேரும் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மாதிரித்தான், அதனால் இனிமேல் ‘அம்மா’ என்றே எழுதுகிறோம்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. புடவைக்கடை ஒன்றில் வேலை. காலமை எட்டரைக்குப் போனால் இரவு ஏழு. போன வருடம் சலரோகம் என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக்கில் குளிசை கொடுத்து, "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது சீனி குறையவில்லை. "நடக்கிறியளோ?" என்று கேட்டார்கள். அம்மா பேசாமல் நின்றா. "நடக்காட்டி எப்பிடிக் குறையும்?"

அதைவிடக் கூட நாங்கள்தான் பேசியிருப்போம். "அரை மணித்தியாலம்தானே அம்மா? நாலரைக்கு எழும்பிறியள்தானே, அஞ்சு மணிக்கு ஒருக்கா நடந்திட்டு வந்தா என்ன?" அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாலு பேரும் மாறி மாறிச் சொன்னோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாலரைக்கு எழும்புகிற ஒருவர் எதற்கு எழும்புகிறார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. எழும்பிய பிறகு சமைத்த சோற்றைத்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் எங்களில் ஒருவன் தன்னுடைய அடி எண்ணும் மணிக்கூட்டை அம்மாவின் கையில் கட்டிவிட்டான். கடையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள், மணிக்கூட்டை ஆரும் கேட்கமாட்டார்கள். இரவு கழற்றிப் பார்த்தபோது 12,000 அடிகளைத் தாண்டி இருந்தது. மேல்மாடியில் இருக்கிற களஞ்சியத்துக்கு ஏறி இறங்கினது, மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனது, வீட்டுக்குள் நடந்தது எல்லாம் சேர்த்து. அதே நாளில் எங்கள் நாலு பேரில் ஆகக் கூட நடந்தவனுடைய கணக்கு 5,000 கூட இல்லை. நடக்கச் சொல்லிப் புத்திமதி சொன்னவர்கள் நாங்கள்.

இந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கும் மருத்துவ ஆய்வொன்றில் பிறந்ததில்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் யப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தது. அந்த விற்பனைப் பெயர்தான் இன்றைக்கு எங்கள் போன்களில் இலக்காக இருக்கிறது. பிறகு உண்மையாகவே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் 16,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடியோடு அந்த நன்மை கூடுவது நின்றுவிட்டது.

எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அம்மா சித்தி. அப்படியென்றால் சீனி ஏன் குறையவில்லை? கால் ஏன் வீங்குகிறது? இந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் உண்மையிலேயே வாசிக்கத் தொடங்கினோம்.

இந்தத் துறை முழுக்க ஒரு பஸ்ஸில் ஏறித்தான் வந்தது என்று சொல்லலாம். ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆண்களுக்கு மாரடைப்பு ஏன் இப்படிக் கூடுகிறது என்று தேடினார். இலண்டன் போக்குவரத்துச் சேவையில் இருந்த, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 31,000 ஆண்களின் தரவுகளை எடுத்தார். இரண்டு தட்டு பஸ். சாரதி முழு நாளும் இருக்கையில். நடத்துநர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படி வரை ஏறுகிறார். இரண்டு பேரும் ஒரே நிறுவனம், ஒரே பஸ். ஆனால் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, உடனடியாக உயிரைக் கொண்டுபோவதும் குறைவு. 1953இல் இந்த ஆய்வு வெளிவந்தது. உடம்பு அசைவதற்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை எண்களோடு காட்டிய முதல் பெரிய ஆய்வு இதுதான்.

எங்களுக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. தன்னுடைய முடிவையே அவர் சந்தேகப்பட்டார். பஸ் ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெருத்துத்தான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் வேலைதான் உடம்பை மாத்தினதா, இல்லாவிட்டால் உடம்புதான் வேலையைத் தெரிந்ததா? 1956இல் இதையும் அவரே வெளியிட்டார். அதற்காக முதல் முடிவு பொய்யாகிவிடவில்லை, சிக்கலாகிவிட்டது. மொரிஸ் தானும் உடற்பயிற்சியை விடாமல் 99 வயது வரை இருந்தார்.

நாங்கள் மொரிஸை வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தோம். அம்மாவும் நடத்துநர் மாதிரித்தானே, படி ஏறுகிறா, நிற்கிறா, நடக்கிறா. அவவுக்கு ஏன் அந்தப் பயன் கிடைக்கவில்லை?

இதற்கு இப்போது ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: உடலியக்க முரண். டென்மார்க் நாட்டின் அந்திரேயாஸ் ஹோல்டர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கோபன்ஹேகன் பகுதியில் 104,046 பேரை ஏறக்குறைய பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் இறப்பும் குறைந்தன. வேலையில் உடம்பை அதிகம் அசைத்தவர்களுக்குக் கூடின. புகைத்தல், கல்வி, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தும் அப்படித்தான்.

அவர்கள் சொல்லும் விளக்கம் எங்களுக்கு உடனே பிடிபட்டது. விளையாடும்போது கொஞ்ச நேரம் இதயம் வேகமாக அடிக்கிறது, பிறகு ஆறுகிறது. வேலையில் எட்டுப் பத்து மணித்தியாலம், இதயத்தைப் பலப்படுத்தப் போதிய வேகமும் இல்லாமல், ஆறுவதற்கு இடைவெளியும் இல்லாமல் உடம்பு இயங்குகிறது. இரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியபடி நிற்கிறது. ஒரே இடத்தில் நின்றால் இரத்தம் காலில் தேங்குகிறது. களைத்தால் நிற்பதற்கும் நோகுதென்றால் இருப்பதற்கும் அனுமதி வேறொருவருடைய கையில். இந்த முடிவை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கடினமான வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வறுமையிலும் இருப்பவர்கள், அந்த வறுமையின் பாதிப்பை எந்தக் கணக்காலும் முழுதாகக் கழிக்க முடியாது என்பது அவர்களின் வாதம். வேலையா வறுமையா என்று அவர்கள் வாதிடட்டும். அம்மாவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு விசயத்தையும் இந்தத் தேடலில்தான் அறிந்தோம். ‘அதிக நேரம் இருக்காதேங்கோ, எழும்பி நில்லுங்கோ’ என்று ஒபிஸ் வேலைக்காரருக்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் இதே காலத்தில், கேரளாவில் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் இருப்பதற்கு உரிமை கேட்டுப் போராடினார்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர். வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரளா தன்னுடைய கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்குக் கதிரை போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஒருவருக்கு நிற்பது மருந்து, இன்னொருவருக்கு இருப்பது மருந்து. எங்கள் வினாக்கொத்தின் கடைசிக் கேள்வியில், இருக்கும் நேரம் கூடினால் அது கெட்ட பழக்கம். அம்மா அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் "பஸ்ஸில சீற் கிடைச்சா, இருபது நிமிசம்".

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. ‘அப்ப உடற்பயிற்சி தேவையில்லை, வீட்டு வேலையே போதும்’ என்று யாரும் வாசித்துவிடக் கூடாது. இலங்கையில் நடக்கும் பத்து மரணங்களில் எட்டு தொற்றா நோய்களால் நடக்கின்றன. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. முன்பு பத்து நிமிடம் தொடர்ச்சியாகச் செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. அந்த விதியை 2020இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் வேகமாகப் படி ஏறினாலும் சேரும். 2022இல் உலகில் வளர்ந்தவர்களில் 31 வீதமானவர்கள், ஏறக்குறைய 180 கோடிப் பேர், இந்த அளவை எட்டவில்லை. தெற்காசியாவில் 45 வீதம். பெண்கள் ஆண்களைவிடப் பின்னுக்கு நிற்கிறார்கள்.

எங்கள் நாலு பேரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். படிவத்தை முதலில் நாங்களே நிரப்பிப் பார்த்தோம். மூன்று பேர் அளவை எட்டவில்லை. விரிவுரை மண்டபத்தில் இருக்கிறோம், நூலகத்தில் இருக்கிறோம், பஸ்ஸில் இருக்கிறோம், கட்டிலில் போனோடு படுத்திருக்கிறோம். எங்களுக்கு நேரம் இருக்கிறது, செய்யவில்லை. அம்மாவும் வெங்காயம் உரித்த அக்காவும் அந்த நேரமே இல்லாமல் இருக்கிறார்கள். படிவத்தில் இரண்டும் ஒரே ‘இல்லை’.

படிவத்தோடு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ‘மிதமான தீவிரம்’ என்று வாசித்தால் ஒருவருக்கும் விளங்கவில்லை. ‘செய்துகொண்டே கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது, அப்பிடி மூச்சு வாங்குமோ?’ என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கியது. பெண்களிடம் "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால் முதல் பதில், "வேலையொண்டும் இல்லை, வீட்டிலதான்". வீட்டு வேலையும் வேலைதான் என்று படிவத்தின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லித் திரும்பக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வரும்: கிணத்தில அள்ளுறது, முத்தம் கூட்டுறது, உடுப்புத் தோய்க்கிறது, மாட்டுக்குப் புல்லு வெட்டுறது, படுத்த படுக்கையாய் இருக்கிற மாமியைத் தூக்கி இருத்துறது. ஒரு அன்ரி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டா. "இவ்வளவும் செய்யிறனே நான்?"

ஓய்வு நேரத்தில் நடப்பவர்கள் யார் என்று பார்க்க ஒரு விடியக் காலமை பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனோம். நல்ல காற்று. கோட்டைப் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். இளைப்பாறிய உத்தியோகத்தர்கள், வங்கிக்காரர், ஆசிரியர்கள் மாதிரித் தெரிந்தது. பெண்களும் இருந்தார்கள். கணவனோடு, அல்லது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு. தனியாக நடந்த பெண்கள் ஒன்றிரண்டு பேர்தான். அம்மாவோடு வேலை செய்பவர்கள் போல ஒருவரையும் அங்கே காணவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ ஒரு விசயம் சொன்னா. "நல்லூர்க் கொடி ஏறினா நாங்களும் நடக்கிறம்தானே." உண்மைதான். திருவிழா நடக்கிற அந்த 25 நாளும் அம்மா விடிய நாலரைக்குத் தோய்ந்துபோட்டு வெறுங்காலோடு மூன்று கிலோமீற்றர் நடப்பா. தனியாக நடப்பா. சலரோகக்காரருக்கு வெறுங்கால் கூடாது என்பது வேறு கதை. ஆனால் அந்த 25 நாளும் றோட்டில் நிற்கிற ஒருவரும் "எங்க இந்த நேரத்தில?" என்று கேட்பதில்லை. வீட்டில் சமையல் பிந்தினாலும் ஒருவரும் முகம் சுழிப்பதில்லை. றோட்டில் வெளிச்சம் இருக்கும், பொலிஸ் நிற்கும், தண்ணீர்ப்பந்தல் இருக்கும். இருபத்தாறாவது நாள் அதே றோட்டில் அதே நேரத்துக்கு அதே அம்மா நடந்தால் படலைக்குப் படலை கேள்வி. "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?" உடம்புக்காக நடக்கிறேன் என்று சொல்ல ஒரு பொம்பிளைக்குக் கூச்சமாக இருக்கும் ஊர் இது. முருகனுக்காக நடக்கிறேன் என்றால் ஒரு கூச்சமும் இல்லை.

உடலியக்கத்தை ஊக்குவிப்பது பற்றி நாங்கள் வாசித்த கட்டுரைகள் ‘சமூக ஆதரவு’, ‘பாதுகாப்பான சூழல்’, ‘நேர ஒதுக்கீடு’ என்று தனித்தனி அத்தியாயமாகச் சொல்கிற எல்லாமே அந்த 25 நாளில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அம்மாவின் மனஉறுதி 25ஆம் நாள் இரவோடு குறைந்துபோகவில்லை. மற்ற எல்லாம்தான் அன்றோடு போய்விடுகின்றன.

இதற்கு மறுபக்கமும் எங்கள் ஊரில் இருந்திருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. வாத்தியார், டொக்டர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லோரும் சைக்கிள். அம்மாமாரின் கதைகளில் எல்லாம் ஒரு சைக்கிள் இருக்கும். 2022 எரிபொருள் நெருக்கடியிலும் மூலைக்குள் கிடந்த சைக்கிள்கள் திரும்ப றோட்டுக்கு வந்தன. வினாக்கொத்தோடு யாராவது அந்தக் காலங்களில் வந்திருந்தால் எங்கட ஊர் ‘போதிய உடலியக்கம்’ உள்ள ஊராகப் பதிவாகியிருக்கும். அதை ஊக்குவிப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். பெற்றோல் வந்த மறுநாளே சைக்கிள் மூலைக்குப் போனதில் வியப்பில்லை.

சரி, எதுதான் வேலை செய்கிறது? 1980இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சாதாரணப் படியில் ஏறச் சொல்லி ஒரு படத்தை மாட்டினார்கள். ஏறுபவர்கள் கூடினார்கள். படத்தை எடுத்த பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கரைந்தது. கொலம்பியாவின் பொகொட்டாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய றோட்டுக்களை வாகனங்களுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இப்போது நூறு கிலோமீற்றருக்கும் மேல். புத்திமதி சொல்வதைக் குறைத்து றோட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது சென்னை ஆய்வு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்து நீரிழிவு பற்றி ஆராயத் தொடங்கினார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரரின் ஏசியாட் கொலனி. மற்றது தியாகராய நகரில் குறைந்த வருமானக்காரரின் பாரதி நகர். ஆய்வாளர்களின் விழிப்புணர்வுப் பேச்சைக் கேட்ட கொலனிக்காரர்கள் தங்களுடைய சொந்தக் காசைப் போட்டு நடப்பதற்கென்று ஒரு பூங்காவைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே கிழமைக்கு மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் பல மடங்கு கூடினார்கள். நல்ல கதை, எல்லோரும் சொல்லுகிற கதை. ஆனால் பத்து வருடத்துக்குப் பிறகு திரும்பிப் பார்த்தபோது, கொலனியில் நீரிழிவு 12.4 வீதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 இலிருந்து 15.3. முன்பு பணக்காரர் வருத்தம் என்று சொன்னது ஏழைகளை எட்டிப் பிடித்துவிட்டது. பூங்கா மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, சாப்பாடு, வேலை, வருமானம் என்று எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் காசும் நேரமும் இருந்தவர்களுக்கு விழிப்புணர்வு ஒரு பூங்காவாக மாறியது. மற்றவர்களுக்கு அது வெறும் விழிப்புணர்வாகவே இருந்திருக்கும்.

ஒப்படையின் கடைசியில் ‘விதந்துரைகள்’ என்று ஒரு பகுதி எழுத வேண்டும். எங்கள் முதல் வரைவில் முதல் வரி, எல்லா ஒப்படைகளிலும் வருகிற அதே வரி: ‘மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்.’ அதை வெட்டினோம். விழிப்புணர்வு அம்மாவிடம் எங்களைவிடக் கூட இருக்கிறது. நிலக்கடலை எத்தனை, சோறு எத்தனை கரண்டி எல்லாம் தெரியும். வெட்டிவிட்டு எழுதினோம்: கடைகளில் ஆள் இல்லாத நேரம் இருக்கக் கதிரை. நடுவில் கால் மணித்தியாலமாவது இடைவேளை. பின்னேரம் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட மைதானங்களை ஊருக்குத் திறந்துவிடுதல். நல்லூர்த் திருவிழாவுக்குப் போடுகிற வெளிச்சத்தில் பாதியாவது வருடம் முழுக்க ஒழுங்கைகளில். வீட்டில் சமையலைப் பங்கு போடுதல். கடைசி ஒன்றை எழுதும்போது எங்களில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு அரசாங்கம் தேவையில்லை.

கதிரை விசயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். கேரளாக் கதையையும் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "கேட்டதுக்கு அதுகளை வேலையால நிப்பாட்டேல்லையோ?" சட்டம் வருவதற்கு முதல் பட்ட கஷ்டங்களைச் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாப்பம்" என்றா. அதற்கு மேல் நாங்களும் வற்புறுத்தவில்லை. நடக்கச் சொல்லி வற்புறுத்தியது மாதிரி கதிரை கேட்கச் சொல்லியும் வற்புறுத்தினால் எங்களுக்கும் கிளினிக்குக்கும் என்ன வித்தியாசம்?

அன்றைக்கு அம்மாவிடம் வினாக்கொத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டோம். "அம்மா, பிடிச்சு, ஆசைப்பட்டு உடம்பை அசைச்சது கடைசியா எப்ப?"

அம்மா யோசிக்கவே இல்லை. "வலைப்பந்து."

பள்ளிக்கூட அணியில் விளையாடியிருக்கிறா. கோல் சூட்டராம். கூடைக்குக் கீழே நின்றால் தவறாதாம். இவ்வளவு காலத்தில் பெற்ற மகளுக்குக்கூட இது தெரியாது. "95 இடப்பெயர்வோட எல்லாம் நிண்டு போச்சு. திரும்பி வரேக்க பள்ளிக்கூடம் இல்லை, வேலை, பிறகு கலியாணம்." சொல்லிக்கொண்டே எழும்பி, கையை உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்பி எப்படிப் போடுவது என்று காட்டினா.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கடை பூட்டு என்பதால் பின்னேரம் நாங்கள் அம்மாவோடு பண்ணைக்குப் போகிறோம். அன்றைக்கு மத்தியானச் சமையலும் சட்டிபானை கழுவுவதும் எங்கள் பொறுப்பு. மூன்று ஞாயிறு போயிருக்கிறோம். சீனி குறைந்ததா என்று அடுத்த கிளினிக்கில்தான் தெரியும். கிழமைக்கு ஒரு நாள் 150 நிமிடத்துக்குக் கிட்டவும் வராது என்பதும் தெரியும். முதல் நாள் அம்மா போட்ட வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாங்கள் கதைக்கவும் ஏலாமல் பின்னால் போனோம். பிறகு அவ கடலைப் பார்த்த ஒரு கட்டில் இருந்தா. ஒரு அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் இருந்தா. "எழும்புங்கோ அம்மா, இன்னொரு ரவுண்ட் போவம்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, நாங்களும் பக்கத்தில் இருந்துவிட்டோம்.

வீட்டுக்கு வரும்போது அம்மா சொன்னா: "அடுத்த ஞாயிறும் வாறன். ஆனா அந்த மணிக்கூட்டைக் கொண்டு வராதேங்கோ."